சிபாரிசுக் கடிதமும் ஒரு சொட்டுக் குருதியும்



2021ஆம் ஆண்டு மே திங்களை மறந்திருக்கமாட்டீர்கள். மறக்கக்கூடிய திங்களா அது! ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொரோனா பற்றிக்கொண்டதாக டில்லித் துரைத்தனத்தின் கணக்கே கூறிற்று. சென்னையிலே, அரசு மருத்துவமனையின் வாயிலிலே, ஆம்புலன்சு வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை இல்லை. வண்டிக்குள் கிடந்தவருக்கோ மூச்சு இல்லை. தாயின் தலையை மடியிலே தாங்கியபடி, கதவு எப்போது திறக்கும் எனக் காத்துக்கிடந்த மக்களை நாடு கண்டது.

படுக்கை ஒன்று; காத்திருப்போர் பத்துப் பேர். அந்த ஒன்று யாருக்கு?

இந்தக் கேள்விக்கு அன்று இரண்டு விடைகள் வழங்கின. முதலில் வந்தவருக்கு என்பது ஒன்று. தெரிந்தவர் உள்ளவருக்கு என்பது மற்றொன்று. தொலைபேசி மணி ஒலிக்கும், "நம்முடைய ஆள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு குரல் கேட்கும், கதவு திறக்கும். அப்படிப் பேச ஆளில்லாதவர்கள், கட்டட வேலைக்குப் போகும் கூலிகள், கைத்தறி நெசவாளர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் தாய்மார்கள், வண்டியிலேயே கிடந்தனர்.

மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. எவருக்கு நோய் முற்றியிருக்கிறதோ, எவர் உயிர் இன்னும் சில மணி நேரத்தில் ஊசலாடப் போகிறதோ, அவருக்கு! நீதி என்றால் அதுதானே நீதி?

"நோய் முற்றியவர் யாரென்று கண்டறிவது எப்படி?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குரிய விடையில் ஒரு பகுதி நம் ஒவ்வொருவர் உடலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குருதி! அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச விரும்புகிறேன். மருத்துவப் பாடம் நடத்துவதற்கன்று, அரசியல் பேசுவதற்கே. ஆனால் பாடம் கொஞ்சம் தெரிந்தால்தான் அரசியல் தெளிவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலைத் தாக்கும் வைரசு உள்ளே புகுந்ததும் உடல் சும்மா இருப்பதில்லை. காவல் காக்கும் வெள்ளணுக்கள் ஆபத்தை அறிவிக்கின்றன. அந்த அறிவிப்பைச் சுமந்துசெல்லும் தூதுகளுள் ஒன்று இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள். தூது கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல் உடனே சி.ஆர்.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதத்தைச் செய்து குருதியிலே விடுகிறது. நலமாக இருப்பவரிடம் இது பெரும்பாலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு உட்பட்டே இருக்கும். நோய் கடுமையாக மூண்டால் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தை அடையும், நூறையும் தாண்டும். போர் ஓய்ந்தால் இதுவும் ஓயும். கல்லீரல் நிறுத்திவிட்டால், 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துபோவது இதன் இயல்பு. எனவே முந்தாநாள் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மருத்துவர், உள்ளே நடக்கும் போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு கணித்துவிடுவார்.

இது ஒன்று மட்டுமன்று. வெள்ளணுக்களிலே லிம்போசைட் எனும் வகை குறைந்து, நியூட்ரோஃபில் எனும் வகை கூடினால், நோய் கடுமையாகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. உறைந்த இரத்தம் கரையும்போது சிதறும் துண்டு டி-டைமர். அது மிகுந்தால், நாளங்களில் இரத்தம் உறைந்துகொண்டிருக்கிறதோ என்ற ஐயம் எழும். திசுக்கள் சிதைவதைக் காட்டுவது எல்.டி.எச். அழற்சியின் மிகுதியைக் காட்டுவது ஃபெரிட்டின். உடல் ஊமையன்று, தோழர்களே! பேசிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்பதற்குக் காதும் கருவியும் வேண்டும்.

அந்தக் காது நமக்குக் கிடைத்த கதையைக் கேளுங்கள். 1930ஆம் ஆண்டு. நியூயார்க் நகரிலே ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையம். வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்கு 'சி' என்று அடையாளமிட்டிருந்தனர். நோய் உச்சத்தில் இருந்தவரின் குருதிநீரில் அதைச் சேர்த்தபோது வீழ்படிவு உண்டாயிற்று; அதே மனிதர் குணமடைந்தபின் சேர்த்தபோது ஒன்றும் நிகழவில்லை! நோய் இருக்கும்போது தோன்றி, நோய் நீங்கியதும் மறையும் ஏதோ ஒன்று குருதியிலே இருக்கிறது என்று கண்டுகொண்டனர். அந்த 'சி'தான் இன்றைய சி.ஆர்.பி.யின் முதலெழுத்து. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட உண்மை. கொள்ளை நோய் வந்தபோது உலகெங்கும் கைகொடுத்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஊகான் நகரின் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தது. 137 பேர் வீடு திரும்பினர். 54 பேர் மாண்டனர். சேர்க்கப்பட்ட அன்றே டி-டைமர் அளவு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடையே சாவு மிகுதி என்று அந்த ஆய்வு காட்டிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனிலிருந்து வந்ததைத்தான் நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டும். 35,463 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். அதை மேலும் 22,361 பேரிடம் சரிபார்த்தனர். எட்டே எட்டு விவரங்கள்: வயது, ஆணா பெண்ணா என்பது, ஏற்கெனவே உள்ள நோய்கள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு, குருதியிலே யூரியா, குருதியிலே சி.ஆர்.பி. அவ்வளவுதான். மதிப்பெண் 3க்கு மேற்படாதவர்களில் நூற்றுக்கு ஒருவர் மாண்டனர். 15உம் அதற்கு மேலும் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் மாண்டனர்.

அந்த எட்டையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆறு விவரங்களுக்குக் கண்ணும் காதும் கடிகாரமும் விரலில் மாட்டும் சிறு கருவியும் போதும். இரண்டுக்கு மட்டுமே குருதி வேண்டும். அவையும் எளிய சோதனைகள். அது கிடக்கட்டும், அந்தப் பட்டியலில் இல்லாதது என்ன என்று பார்த்தீர்களா? "என்ன சாதி?" என்ற கேள்வி இல்லை. "எந்தத் தெரு?" என்ற கேள்வி இல்லை. "யார் அனுப்பினார்?" என்ற கேள்வி இல்லை. சிபாரிசுக் கடிதம் செருகுவதற்கு அங்கே கட்டமே இல்லை! ஆலை முதலாளியின் கல்லீரலும் ஆலைத் தொழிலாளியின் கல்லீரலும் ஒரே புரதத்தைத்தான் சுரக்கின்றன. நம் இயக்கம் மேடைதோறும் எடுத்துரைத்த சமத்துவம், ஆய்வுக்கூடக் குழாயிலே தானாகவே வந்து நிற்கிறது.

அளவுகோல் என்பது யாரை ஒதுக்குவது என்று பார்ப்பதற்கன்று. யாரை முதலில் கவனிப்பது என்று பார்ப்பதற்கு. இதை மறந்தால் நீதிக்கென வந்த கோலே கொடுங்கோலாகிவிடும். எண் கூறுவது கூட்டத்தைப் பற்றிய நிகழ்தகவு. தனியொருவரின் தலைவிதியை அன்று. 15 மதிப்பெண் பெற்ற நூறு பேரில் 38 பேர் பிழைத்தனர் என்பதையும் அதே கணக்குத்தான் கூறுகிறது.

முதலில் கவனிப்பது மட்டுமன்று, எந்த மருந்து எவருக்கு என்பதையும் இத்தகைய அளவுகள் தெளிவாக்கின. டெக்ஸாமெத்தசோன் என்பது மிக மலிவான, பழைய மருந்து. பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' ஆய்வின் முடிவு 2020 ஜூன் திங்களில் வெளியாயிற்று. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் சாவை அம்மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பயன் ஏதும் இல்லை! ஒரே மருந்து, ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்கு வீண். டோசிலிசுமாப் என்பது பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள மருந்து. அதே ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. 75உம் அதற்கு மேலும் உள்ள 4,116 பேரைத் தேர்ந்து சோதித்தனர். அம்மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 31 பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 35 பேரும் மாண்டனர். வேறுபாடு சிறிதுதான், ஆனால் உண்மையானது. குருதி எண் அங்கே வாயிற்காவலனாக நின்றது.

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். இங்கே அந்த வாயிற்காவலனை என்ன செய்தோம்? கடைத்தெருவில் நிறுத்தி விற்றோம்!

2021இல் 'கொரோனாப் பரிசோதனைத் தொகுப்பு' என்று சந்தையிலே கூவி விற்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின், இன்டர்லூக்கின்-6 என ஒரே கட்டாகக் கட்டி ஒரு விலை. தொண்டை கரகரத்தால் போதும். இலேசான காய்ச்சல் கண்டால் போதும். இன்று ஒரு தொகுப்பு, நாளை மறுநாள் மற்றொன்று. தாளிலே சிவப்பு மையில் ஓர் எண்ணைக் கண்டதும் குடும்பமே நடுங்கிற்று. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் அன்றைய இயக்குநர் டாக்டர் ரந்தீப் குலேரியா, அந்த மே திங்களின் தொடக்கத்திலேயே நாட்டை எச்சரித்தார். நோய் இலேசாக இருப்போருக்கு இந்தச் சோதனைகள் தேவையில்லை, பீதியையே வளர்க்கும், நோயின் தொடக்கத்தில் ஸ்டீராய்டு கொடுப்பது வைரசு பெருகவே துணைபுரியும் என்பது அவர் கூற்றின் சாரம். கேட்டவர் எத்தனை பேர்? எண்ணுக்கு அஞ்சி மருந்து. மருந்தால் வேறு தொல்லை. கருப்புப் பூஞ்சை நோய் கண்களைப் பறித்ததும் அதே திங்களிலேதான். சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் ஸ்டீராய்டு மிகுதியாகப் பெற்றவர்களிடமுமே அது பெரிதும் கண்டது.

சாதகக் கட்டத்தைப் பார்த்து நடுங்கியவனைப் பார்த்துச் சிரித்தோம் நாம். பகுத்தறிவு பேசினோம். ஆனால் ஆய்வுக்கூடத் தாளையே புதிய சாதகமாக்கிக்கொண்டு நடுங்கினால், அது எந்தப் பகுத்தறிவு? சனி எங்கே நிற்கிறது என்று கேட்டவன், டி-டைமர் எங்கே நிற்கிறது என்று கேட்கிறான், வேறுபாடு என்ன? நோயாளியைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் மருத்துவர் ஆகார். அவர் வெள்ளை அங்கி அணிந்த சோதிடரே! வேறு கிருமி தொற்றினாலும் சி.ஆர்.பி. ஏறும். வயதானாலும், கருவுற்றிருந்தாலும், அறுவை நடந்திருந்தாலும் டி-டைமர் ஏறும். எண்ணுக்குப் பொருள் தருவது நோயாளியின் மூச்சும், முகமும், நோயின் நாள் கணக்கும். சோதனை நோயைப் பின்தொடர வேண்டும். அச்சத்தைப் பின்தொடரக் கூடாது.

அளவிடும் கருவிகூட அப்பழுக்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தோலின் வழியே ஒளி பாய்ச்சிக் கணக்கிடுவது. அமெரிக்காவிலே மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 'நலம்' என்று காட்டியபோதும் குருதியை நேரே சோதித்தால் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது! கறுத்த தோலுக்குப் பின்னால் இருந்த மூச்சுத் திணறலைக் கருவி கண்டுகொள்ளவில்லை. கறுத்த மேனியர் நிறைந்த நம் நாட்டுக்கு இந்தப் பாடம் வேண்டாமா? எவரோ, எங்கோ, எவர் விரலிலோ சரிபார்த்த கோலை நம் மக்கள் மேல் அப்படியே வைத்துவிடலாகாது. நம் மருத்துவமனைகளில், நம் மக்களிடத்தில் சரிபார்த்தாக வேண்டும். பிரிட்டனின் எட்டு விவர மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும்.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா?" என்று கேட்கும் பெரியமனிதர்கள் உண்டு. அவர்களை ஹனோய் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வியத்நாம் நம்மைப்போல் துன்பப்பட்ட நாடுதான். அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், விரல்நுனியில் குத்தி எடுத்த குருதியைக் கொண்டு அங்கேயே சி.ஆர்.பி. பார்த்தனர். 2016இல் வெளியான ஆய்வு அது. நோக்கம் வேறு: சளிக் காய்ச்சலோடு வருபவருக்குத் தேவையின்றி ஆன்டிபயாடிக் கொடுப்பதைக் குறைப்பது. சோதனை செய்யாத பிரிவில் நூற்றுக்கு 78 பேர் அம்மருந்து பெற்றனர். சோதனை செய்த பிரிவில் 64 பேர். மருந்து மிச்சமாயிற்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். சிற்றூர் நிலையத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யமுடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதே!

நம் நாட்டிலும் ஏட்டளவில் குறைவில்லை. 2015இல் தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் இலவசப் பரிசோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது விரிவாக்கப்பட்டு, துணை சுகாதார நிலையத்தில் 14 சோதனைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63 சோதனைகள் என்று பட்டியலும் வகுக்கப்பட்டது. பட்டியல் நீளமானதுதான். நம் கேள்வியோ குறுகியது. காய்ச்சலோடு காலையில் வரும் கிழவிக்கு மாலைக்குள் விடை கிடைக்கிறதா? சோதிக்கும் ஆள் இருக்கிறாரா? வேதிப்பொருள் இருக்கிறதா? இருந்தால் வாழ்த்துவோம். இல்லையேல், சுவரிலே ஒட்டிய பட்டியலால் கிழவியின் மூச்சு திரும்பாது.

ஆகவே நம் கோரிக்கை இது. முழு இரத்த அணு எண்ணிக்கை, யூரியா, சி.ஆர்.பி. ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அன்றைக்கே விடை தரும் வகையில், காசின்றிக் கிடைக்கவேண்டும். ஆய்வுக்கூடப் பணியிடம் காலியாக உள்ள இடமெல்லாம், தற்காலிகக் கூலிக்கன்று, நிரந்தரப் பணிக்கு ஆள் எடுத்து நிரப்பவேண்டும். மருத்துவர் கடிதமின்றி நோய்ச் சோதனைத் தொகுப்புகளை விளம்பரம் செய்து விற்பதைத் தடுக்கவேண்டும். முடிவுத் தாளைத் தமிழிலே, படிப்பவருக்குப் பொருள் விளங்கும்படி தரவேண்டும். கொள்ளை நோய்க் காலத்தில் படுக்கை ஒதுக்கீடு எந்த அளவுகோலின்படி நடக்கிறது என்பதை மருத்துவமனை வாயிலிலேயே எழுதி வைக்கவேண்டும். எழுதி வைத்துவிட்டால் தொலைபேசிக் குரலுக்கு வலிமை குறையும்.

நம் கட்சிக்காரர்களுக்கும் ஒரு சொல். சிபாரிசுக் கடிதம் எழுதுவோர் மாற்றுக் கட்சியிலே மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நெஞ்சில் கைவைத்துக் கூறமுடியுமா? வட்டச் செயலாளரின் ஒரு சொல்லுக்காக வாயிலில் நிற்கும் மக்களைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாள்தான், நாம் தோற்கும் நாள். நம் செல்வாக்கால் ஒருவர் உள்ளே போனார் என்றால், அவரைவிட நோய் முற்றிய ஒருவர் வெளியே நிற்கக்கூடும் என்பதே அதன் பொருள். அந்த ஒருவரின் முகம் நமக்குத் தெரியாது; அதனால்தான் உறங்குகிறோம்.

இறுதியாக ஒன்று. எவ்வளவு நேர்மையான அளவுகோலும் ஒரு படுக்கையைக்கூட உண்டாக்காது. பத்துப் பேரில் முதல்வர் யார் என்று அது கூறும். மீதி ஒன்பது பேரை என்ன செய்வது என்று கூறாது. அதைக் கூறவேண்டியது வரவு செலவுத் திட்டம். அதைக் கூறவைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

2023 மே திங்களில், உலக நெருக்கடி நிலை முடிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அரசுக் கணக்கின்படியே இந்நாட்டிலே 5 லட்சத்துக்கு மேற்பட்டோரை இழந்துவிட்டுத்தான் அந்த முடிவைக் கண்டோம். அடுத்த வைரசு எந்தத் திங்களில் வரும் என்று எந்தப் பஞ்சாங்கமும் கூறாது. வரும்போது அந்த வாயிலிலே மீண்டும் வண்டிகள் நிற்கக்கூடும். அப்போது உள்ளிருந்து வரும் குரல் "யார் அனுப்பினார்?" என்று கேட்கப்போகிறதா, "மூச்சு எத்தனை, சி.ஆர்.பி. எத்தனை?" என்று கேட்கப்போகிறதா?

அந்தக் குரலை மாற்றும் வேலை, வண்டிகள் வருமுன் முடிந்தாக வேண்டும்.